குடமுழுக்கின் மறுநாள்

சிவமயம்

(காவாந்தண்டலத்தில் திருப்பணி நிறைவெய்தும் நாள்களில், அன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

 எழுபது அகவையைக் கடந்து, நடையும் பார்வையும் தளர்ந்திருக்கும் இக்காலத்தில், ஞானசம்பந்தப் பெருமானுடைய பாடல் பெற்ற மாகறலைத் தொழுது, அங்கிருந்து இவ்வூருக்கு வந்து, சாரம் இன்னும் பிரிக்கப்படாத விமானத்தைக் கண்டு கைகூப்பும் பேறு வாய்த்தது. சில நாள்களில் அச்சாரம் பிரிக்கப்படும், யாகசாலை அமையும், புனித நீர் கலசத்தின்மேல் சொரியும், நீங்களெல்லாம் ஆனந்தக் கண்ணீர் வடிப்பீர்கள்.

குடமுழுக்கின் பெருமையைப் பற்றிப் பேசுக என்று திருப்பணிக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். அதனை ஆகமம் வல்ல சிவாசாரியர்கள் என்னினும் நன்கு விளக்குவர். ஆதலால் அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் குடமுழுக்கின் மறுநாள் என்பது. பந்தல் பிரிக்கப்பட்டு, ஒலிபெருக்கி அடங்கி, வெளியூர் அன்பர்கள் பேருந்தேறிச் சென்றபின், ஆரவாரம் ஒன்றுமின்றி இங்கே மாலை விளக்கு ஏற்றப்படும் அந்த நாளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். அன்று தொடங்கி அடுத்த பன்னீராண்டுக் காலம் நாம் எவ்வாறு இருக்கப்போகின்றோம் என்பதே நம்முடைய பக்திக்கு உரைகல்லாகும்.

மருந்து உணர்த்தும் பொருள்

குடமுழுக்கின்போது திருமேனியையும் பீடத்தையும் பொருந்தச் சேர்ப்பது அட்டபந்தன மருந்து என்பதை நீங்கள் அறிவீர்கள். கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்கள் சேர்ந்தது அது. இவற்றைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். அரக்கு எளிதில் நொறுங்கும். மெழுகு வெயிலில் உருகும். பஞ்சு காற்றிலே பறக்கும். வெண்ணெயோ விரல் பட்டாலே குழையும். கல்லைக் கல்லோடு பிணிக்கும் ஆற்றல் இவற்றுள் ஒன்றுக்கும் தனியே இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பொழுது பார்க்காமல் இடித்து இடித்துக் குழைத்த பின்னரே அவ்வாற்றல் பிறக்கின்றது.

ஓர் ஊரும் அத்தகையதே. பணமுள்ளவர் ஒருவர், கைத்திறன் உள்ளவர் ஒருவர், பாடத் தெரிந்தவர் ஒருவர், காலையில் எழுந்து வாசல் பெருக்க மட்டுமே வல்லவர் ஒருவர். தனித்து நின்றால் இவருள் எவரும் ஒரு கோயிலைத் தாங்கமாட்டார். ஒன்றாகக் குழைந்தால் கோயில் நிற்கும். குழைதல் என்பதற்கு இடிபடுதலும் வேண்டும் என்பதை மறத்தலாகாது. ஊர்ப் பொதுக்காரியத்தில் இறங்கியவர் நாலு சொல் கேளாமல் இருக்க முடியாது. அச்சொற்களுக்கு நொறுங்கிப்போகாமல் குழைந்து நின்றவரே பிணிக்கும் மருந்தாகின்றார்.

இம்மருந்தும் என்றென்றைக்கும் நிற்பதன்று. காலப்போக்கில் உலர்ந்து விரிசல் காணும். அதனாலேயே பன்னீராண்டுக்கு ஒரு முறை மீண்டும் சாத்தும் வழக்கத்தைப் பெரியோர் வகுத்தனர். புதுப்பிக்கப்படாத எந்தப் பிணைப்பும் தளரும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கோயிலுக்கு மட்டுமா இது? கணவன் மனைவிக்கும், அண்ணன் தம்பிக்கும், தெருவுக்கும் தெருவுக்கும் இதுவே விதி.

மனத்தில் எழுந்த கோயில்

குடமுழுக்கைப் பற்றிப் பேசுமிடத்துப் பூசலார் நாயனாரை நினையாதிருத்தல் இயலாது. தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த அப்பெருமான், சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க விரும்பினார். பொருள் தேடி எங்கும் அலைந்தார், கிடைக்கவில்லை. பின்பு மனத்தினாலேயே பொருள் திரட்டி, மனத்தினாலேயே தச்சரையும் சிற்பியரையும் கூட்டி, மனத்துக்குள்ளே கோயில் எடுக்கத் தொடங்கினார். அதே காலத்தில் காஞ்சியிலே காடவர் கோமான் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்து, குடமுழுக்கிற்கு நாளும் குறித்திருந்தான். அந்நாளைக்கு முந்திய இரவில் இறைவன் மன்னனுடைய கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் அமைத்த ஆலயத்தில் நாளை நாம் புகுவதால் உன் ஆலயத்திற்கு வேறொரு நாள் கொள்க என்று அருளினான். மன்னன் நின்றவூருக்கு வந்து வினவ, அங்குள்ளாருக்கு அப்படியொரு கோயில் தெரியவில்லை. பூசலாரையே தேடிக் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. திருநின்றவூரில் இன்றும் இறைவன் இருதயாலீசுவரர் என்னும் பெயருடன் விளங்குகின்றார். காடவர் கோமான் எடுத்தது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் கட்டிய கயிலாசநாதர் கோயில் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

இவ்வரலாற்றைக் கேட்டவுடன் சிலர், "மனத்தில் பக்தி இருந்தால் போதும்; கல்லும் சுண்ணாம்பும் எதற்கு?" என்று கூறிவிடுகின்றனர். தெய்வச் சேக்கிழார் சொல்லியுள்ளதை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். பூசலார் ஒரு நொடியில் கண்ணை மூடிக் கோயிலைக் கற்பனை செய்து முடித்துவிடவில்லை. நல்ல நாள் பார்த்தார், அடித்தளம் இட்டார், இரவும் கண் துயிலாமல் படைபடையாக எழுப்பினார், சிகரம் வைத்தார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளமும் அகழ்ந்தார், கற்கோயிலுக்கு எத்தனை வேலை உண்டோ அத்தனையையும் ஒன்றும் குறையாமல், நெடுநாள் மனத்திலே செய்தார். ஒரு நாழிகை மனத்தை ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்தவருக்கே அவ்வுழைப்பின் அருமை விளங்கும். பூசலாருடைய பக்தியும் ஒரு வேலையாகவே இருந்தது. நாள்தோறும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த வேலை அது. இங்கே கல்லால் எழுப்பியுள்ள நாம், மறுநாளிலிருந்து மனத்தால் எழுப்பவேண்டிய கோயிலுக்கும் அவ்வளவு உழைப்பு உண்டென்று அறியவேண்டும்.

ஒரு கந்தையும் ஒரு சொல்லும்

காஞ்சி மாநகரில் வண்ணார் குலத்தில் அவதரித்தவர் திருக்குறிப்புத் தொண்ட நாயனார். அடியார்களுடைய உடைகளை வெளுத்துக் கொடுப்பதே அவர் செய்த தொண்டு. ஒரு குளிர்காலத்தில் மெலிந்த மேனியுடைய தவசி ஒருவர் அழுக்கேறிய கந்தையுடன் வந்தார். நாயனார் அதனை வெளுத்துத் தர வேண்டினார். பொழுது சாய்வதற்குள் தரவேண்டும், இன்றேல் குளிர் தாங்கேன் என்றார் தவசி. தருவேன் என்று ஒரு சொல் கொடுத்தார் நாயனார். துணியைத் துவைத்து உலர்த்தும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. மாலையாகியும் விடவில்லை. குளிரில் நடுங்கும் அடியவருக்குத் தீங்கிழைத்துவிட்டேனே என்று வருந்தித் துணி துவைக்கும் கல்லிலே தம் தலையை மோதப் புகுந்தார். அப்போது இறைவனுடைய திருக்கை எழுந்து அவரைத் தடுத்துப் பிடித்தது.

வந்தவர் இறைவன் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. வந்தவர் ஓர் ஏழை, கொண்டு வந்தது ஒரு கந்தை, பிழைத்ததோ மழையினால். யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் ஓர் எளியவருக்குக் கொடுத்த சொல் தவறியதை அவரால் தாங்க முடியவில்லை. அவருடைய பக்தி அந்தச் சொல்லைக் காப்பதிலேதான் இருந்தது.

நாமோ, செல்வர் ஒருவருக்குக் கொடுத்த வாக்கென்றால் விடியுமுன் நிறைவேற்றுகின்றோம். களை பறித்த கூலியாளுக்கு, "நாளைக்கு வா" என்று மூன்று நாள் சொல்கின்றோம். தைக்கக் கொடுத்த துணிக்குக் கூலி கொடுக்க மறந்துபோகின்றோம். கடையிலே முகத்தைப் பார்த்து நிறுக்கின்றோம். பின்பு நீராடி, நீறு பூசி, திருமுறை ஓதிக்கொண்டு கோயிலுக்கு வருகின்றோம். நாள்கூலியை அந்தி சாய்வதற்குள் கொடுத்துவிட்டு வருபவர் கையிலே பழத்தட்டு இல்லாவிட்டாலும் அர்ச்சனை முடிந்துவிட்டது என்பது அடியேனுடைய துணிபு.

இன்னொன்றும் கூறவேண்டும். உடம்புழைப்பினால் வாழும் மக்களே நாயன்மார் அறுபத்துமூவருள் பலர். குயவரும், செக்காடியவரும், வலை வீசியவரும், துணி வெளுத்தவரும், நந்தனாரும் அவ்வரிசையிலே நிற்கின்றனர். நாம் அவர்களுடைய திருவுருவங்களைப் பிராகாரத்தில் வரிசையாக வைத்து மாலை சூட்டுகின்றோம். அவ்வுழைப்பைச் செய்யும் மக்கள் வாயிலிலே வந்து நிற்கும்போது அதே மதிப்புடன் வரவேற்றாலன்றி அம்மாலை முழுமை பெறாது.

இரு விரலால் தீரும் வேலை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் நிகழ்ந்த குடமுழுக்கில் அடியேன் கலந்துகொண்டேன். ஊரின் பெயர் வேண்டா. பெரும்பொருள் செலவிட்டுச் சிறப்பாகவே செய்தனர். ஐந்தாறு ஆண்டு கழித்து அவ்வழியே செல்ல நேர்ந்தபோது தரிசிக்கலாமென்று இறங்கினேன். கதவு பூட்டியிருந்தது. நான்கு ஊர்க் கோயில்களுக்கும் ஒரே குருக்கள் என்றும், மிதிவண்டியில் அவர் எப்போது வருவாரென்று கூற இயலாதென்றும் அயல்வீட்டார் கூறினர். அண்ணாந்து பார்த்தேன். விமானத்தின் இடுக்கில் அரசங்கன்று ஒன்று ஆளுயரம் வளர்ந்து, காற்றில் இலையசைத்துக்கொண்டிருந்தது. அதன் வேர் எங்கெல்லாம் சென்றிருக்குமோ, சிவனே அறிவான்.

அந்தக் கன்றைப் பற்றியே பல நாள் சிந்தித்தேன். ஒரு காக்கை விதையை எச்சமிட்டு, மழையில் அது முளைத்து, இரண்டே இலையோடு நின்ற நாளொன்று இருந்திருக்கும். அன்று இரு விரல்களால் கிள்ளி எறிந்திருக்கலாம். அன்று அவ்வூரில் அந்த இரு விரல் இல்லாமற் போயிற்று. இப்போது அதனை எடுக்கக் கல்லைப் பிரிக்கவேண்டும், சாரம் கட்டவேண்டும், பல இலட்சம் ரூபாய் வேண்டும், நன்கொடைச் சீட்டுடன் மீண்டும் ஊர் ஊராய் அலையவேண்டும்.

அப்பர் பெருமான் கையிலே உழவாரப்படை ஏந்தியது ஏன் என்பது அன்று எனக்கு முன்னினும் நன்றாக விளங்கியது. மன்னர் வணங்கும் மாபெருங் குரவர் அவர். பதிகம் பாடுதலோடு அமைந்திருக்கலாம். சென்ற தலந்தோறும் திருவீதியில் புல்லைச் செதுக்கினார், புதரை அகற்றினார். திருப்புகலூரில் அவர் உழவாரம் செய்த இடத்தில் இறைவன் பொன்னும் மணியும் விளங்கச் செய்தான். அவற்றையும் பரற்கற்களையும் வேறுபாடின்றி வாரிக் குளத்திலே எறிந்துவிட்டு, பெருமான் பணியைத் தொடர்ந்தார். பணி செய்யும் கைக்குப் பொன்னும் ஓடும் ஒன்றாகத் தோன்றவேண்டும் என்பது அதன் கருத்து. கோயில் பணியிலே நுழைந்தபின் பொன்னைப் பொன்னாகவும் ஓட்டை ஓடாகவும் பிரித்தறியத் தொடங்கிய கை, அன்றே உழவாரத்தைக் கீழே போட்டுவிட்டது என்க.

சாவா மூவாப் பேராடு

நன்கொடையாளர்களுக்கென்று ஒரு செய்தி கூற விரும்புகின்றேன். பண்டைக் காலத்தில் நம் நாட்டுக் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க நிவந்தம் அளித்தவர்கள் பெரும்பாலும் காசாகக் கொடுத்துவிட்டுச் சென்றாரல்லர்; ஆடுகளாகக் கொடுத்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், அன்றேல் 48 பசுக்கள் எனக் கணக்கிடுகின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். இவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர்.

ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமா? இருக்காது. மந்தையில் ஓர் ஆடு இறந்தால் அதன் குட்டியால் அவ்விடத்தை நிரப்பி, எண்ணிக்கையை என்றும் குறையாமல் காத்தனர். தனித்தனியே ஒவ்வோர் ஆடும் மடியும், மந்தையோ மடியாது. மேய்ப்பவனும் இறப்பான், அவன் மகன் மேய்ப்பான். சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்று கல்லிலே வெட்டியவர்கள், அதனை நிறைவேற்றும் வழியையும் சேர்த்தே சிந்தித்திருக்கின்றனர்.

ஈண்டு நாம் கருதவேண்டியது யாது? கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவர் கொடையாளர். ஆயினும் அடைமழையிலும் கோடையிலும் மந்தையை ஓட்டிச் சென்று, கறந்து, கடைந்து, உருக்கி, அந்த உழக்கு நெய்யைக் கொண்டுவந்து அளந்தவர் எத்தனை தலைமுறை இடையர்! ஒரு நாள் அவர் அரை உழக்கு அளந்திருந்தால் விளக்கு நள்ளிரவில் அணைந்திருக்கும், யாருக்கும் தெரிந்திராது. கொடையாளருடைய அறம், பெயர் தெரியாத ஒருவருடைய நேர்மையினால் ஒவ்வோர் இரவும் உயிர் பெற்றது. இக்காலத்தில் குழல்விளக்கின்மேல் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி, வரும் ஒளியில் பாதியை மறைத்துவிடுகின்றோம். பெயர் எழுதுதல் குற்றமன்று, முன்னோரும் எழுதினர். எழுதியவர், விளக்கு எரிகின்றதா என்று மறுநாளும் வந்து பார்க்கவேண்டும்.

அடியேன் இளமையில் ஆதீனப் பாடசாலையில் பயின்ற காலத்தில், பூசை விளக்குகளைத் துலக்கும் முறை மாணாக்கர்க்கு வரும். துலக்கி வரிசையாக வைப்போம். ஆசிரியர் வந்து விளக்கின் முகத்தைப் பாரார். தூக்கித் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்பார். அங்கே களிம்பு இருந்தால் ஒன்றும் பேசாமல் தனியே எடுத்துவைத்துவிட்டுச் செல்வார். கோபித்துக்கொண்டதே இல்லை. யாரும் காணாத பக்கத்தைத் துலக்குவதே சரியை என்று அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதுமில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு விளக்கைக் கண்டால் அதன் அடியைப் பார்க்கவே என் கை செல்கின்றது.

ஐந்து விரல் விரித்த கை

காணாத பக்கம் என்றதும் கணக்கு நினைவுக்கு வருகின்றது. அன்பர்கள் சற்றே பொறுத்தருளவேண்டும். பக்திச் சொற்பொழிவில் கணக்கைப் பற்றிப் பேசுதல் சிலருக்கு உவப்பாயிராது. ஆனால் நம் உத்திரமேரூர் கற்பித்த பாடத்தை இங்கே கூறாமல் வேறெங்கே கூறுவது?

முதலாம் பராந்தக சோழனுடைய ஆட்சியில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் உத்திரமேரூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் அவ்வூர்க் கோயிற் சுவரிலே இன்றும் காணக்கிடக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையிலே வாங்கவேண்டும். விரல் மடங்கியிருந்தால் உள்ளே வேறோர் ஓலை மறைந்திருக்கலாமன்றோ? வாங்கியவர் அவை கேட்க வாசிக்கவேண்டும். அங்குள்ள ஏனையோரும் அதனை வாசிக்கவேண்டும். இவ்வாறு தேர்ந்தவர்கள் ஆண்டு வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

யாருடைய பெயரைக் குடத்தில் இடலாகாது என்பதையும் வகுத்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் தகுதியிழந்தான். அவன் மட்டுமோ? அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர். பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை. அக்காலத்து அச்சபை அந்தணர் ஊரொன்றின் சபை. அதில் அமரும் தகுதி சிலருக்கே இருந்தது. இன்று அவ்வெல்லை நீங்கி ஊரிலுள்ளார் யாவரும் பொதுப்பணிக்கு வரலாம் என்றாகிவிட்டது, மகிழத்தக்க மாறுதல். உரிமை விரிந்த அளவுக்கு அந்தக் கண்டிப்பும் விரியவேண்டாவா?

நல்லவர்மீது நம்பிக்கை இல்லாமல் அவ்விதிகளை அவர்கள் இயற்றவில்லை என்றே அடியேன் கருதுகின்றேன். நல்லவரைப் பழியிலிருந்து காப்பதற்கே இயற்றினர். கணக்குக் காட்டும்படி கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளுதல் நம்மிடையே வளர்ந்துள்ள நோய். கேட்கப்படுமுன் தாமே காட்டுபவர் தலைநிமிர்ந்து நடப்பார். காட்டாதவர் நேர்மையுடையவராயினும் ஊர் வாயில் நொறுங்குவார். அவரோடு திருப்பணியும் நொறுங்கும். சிவன் சொத்து என்று அஞ்சிய நம் மூதாதையர், அச்சத்தோடு கணக்கோலையையும் வைத்திருந்தனர். ஆகவே கையை மூடிக்கொண்டு பொதுக்காரியம் செய்யலாகாது. ஐந்து விரலும் விரித்த கையே திருப்பணிக்கு உரிய கை.

முக்கூடல் தந்த நெறி

இனித் தொண்டைப் பற்றி ஒரு செய்தி. நம் செய்யாறு கீழே சென்று திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றது. வேகவதியும் வந்து கூடுவதால் அவ்வூருக்கு முக்கூடல் என்று பெயர். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனுடைய நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. 1068ஆம் ஆண்டளவில் வெட்டப்பெற்ற அதிலே, கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணாக்கர் தங்கும் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலையும் நடைபெற்றமை சொல்லப்படுகின்றது. ஆதுலர் சாலையாவது மருத்துவமனை. அங்கே 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை செய்வார் ஒருவர், மருந்துக்குரிய மூலிகை முதலியன கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் எனப் பணியாளரும், அவர்களுக்குரிய ஊதியமும், இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன.

திருவமுது எவ்வளவு, திருவிளக்கு எவ்வளவு என்று எழுதிய அதே கல்லில் நோயாளிக்கு அரிசி எவ்வளவு, செவிலியருக்கு ஊதியம் எவ்வளவு என்றும் எழுதியிருக்கின்றனர். இறைவனுக்குச் செய்வது வேறு, எளியவருக்குச் செய்வது வேறு என்னும் பிரிவு அவர்கள் மனத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. நாவலர் பெருமான் திருக்கோயில் ஒழுக்கத்தில் எத்துணைக் கண்டிப்புடையவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவரே யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது, 1877ஆம் ஆண்டில், கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவருக்குக் கஞ்சி வார்த்தார். கண்டிப்பும் கருணையும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டா.

இக்காலத்தில் நம் ஊர்களின் நிலை மாறியிருக்கின்றது. இளைஞர்கள் சென்னைக்கும், ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். அவர்கள் அனுப்பும் பொருளால் பற்பல ஊர்களில் திருப்பணிகள் நிறைவேறுகின்றன. அது போற்றத்தக்கதே. ஆனால் ஊரில் எஞ்சியிருப்பவர் பெரும்பாலும் முதியோர். இரவில் மூச்சுத்திணறினால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாத வீடுகள் எந்த ஊரிலும் உண்டு. குடமுழுக்குக்கு வீடுவீடாகச் சென்று அழைத்த நாம், மறுநாளும் அதே வீடுகளின் வாசலில் நின்று, "அம்மா, சாப்பிட்டீர்களா? ஐயா, மருந்து இருக்கின்றதா?" என்று கேட்போமானால், திருமுக்கூடலின் கல்வெட்டு நம் ஊரில் மீண்டும் உயிர் பெற்றதாகும்.

அடியேன் வேண்டுவன

பொதுவாக நல்லதைச் செய்க என்று சொல்லி அமர்தல் எளிது. குறிப்பாகச் சிலவற்றை உங்களிடம் இரந்து வேண்டுகின்றேன்.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், ஊரார் சிலர் விமானத்தையும் மதிலையும் சுற்றி வந்து முளைத்த கன்றுகளைக் கிள்ளுங்கள். அப்பர் பெருமானுடைய பெயரால் அதற்கொரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். புராணம் கேட்டு அறிவதினும் ஒரு முளையைக் கிள்ளி அறிவது அவர்கள் நெஞ்சில் நிற்கும்.

மாலை விளக்கிற்கு ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு நாளை ஏற்றுக்கொள்ளுங்கள். எண்ணெய் அனுப்புவதோடு நில்லாமல் வீட்டில் ஒருவர் வந்து சுடர் ஏறும்வரை நில்லுங்கள். எந்தத் தெருவார்க்கும் அவ்வரிசையில் இடம் இருக்கட்டும். மந்தையில் ஓர் ஆடு குறைந்தால் குட்டி நிரப்பியதைப் போல, ஒரு வீட்டார் ஊரை விட்டுச் சென்றால் மற்றொரு வீட்டார் அந்நாளை ஏற்றுக்கொள்ளட்டும்.

பூசை செய்யும் சிவாசாரியருக்கும், மேளம் வாசிப்பவருக்கும், மடைப்பள்ளியிலும் திருமுற்றத்திலும் உழைப்பவருக்கும் உரியதைக் குறித்த நாளில் குறையாமல் கொடுங்கள். அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தால்தான் கோயில் விளக்கு எரியும். ஆண்டுக்கு ஒரு முறை, மகாசிவராத்திரி இரவில் ஊர் கூடி விழித்திருக்கும்போது, வரவு செலவு முழுவதையும் அவை கேட்கப் படியுங்கள். விழித்திருப்பதற்கு அதனினும் ஏற்ற காரணம் இல்லை. வெளியூரிலிருந்து பொருளனுப்பும் அன்பர்களுக்கும் அதன் படியொன்று சென்று சேரட்டும்.

தாய்மார்களுக்கு ஒன்று. பிடியரிசி எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் இடுவர். மாத முடிவில் அது கோயிலுக்கோ ஏழைகளுக்கோ செல்லும். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் எவரும் பசித்ததில்லை. ஆயினும் சோறு பொங்கும் ஒவ்வொரு வேளையும் அயலாருடைய பசியை நினைக்க அந்தப் பிடி கற்றுத் தந்தது. அதனை மீண்டும் தொடங்குங்கள். அரிசியின் அளவு எவ்வளவாயினும் ஆகுக. பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்வதே பெரும்பயன்.

நிறைவாக, இக்கோயிலுக்கு வரும் வழியில் எவரோடேனும் பேசாதிருக்கின்றீர்களாயின், குடமுழுக்கிற்கு முன்பே பேசிவிடுங்கள். ஒரே ஊரில் பங்காளிகள் இருவர் ஒருவரையொருவர் காணாமல் வேறு வேறு வாயிலில் நுழைந்து ஒரே இறைவனைத் தொழுவது அட்டபந்தன மருந்தில் வெண்ணெய் சேராத நிலை. எட்டில் ஒன்று குறைந்தாலும் பிடிக்காது.

அன்பர்களே! குடமுழுக்கு நாளில் இறைவன் இவ்வாலயத்தில் புதிய பொலிவோடு எழுந்தருளுவான், ஐயமில்லை. ஆயிரமாயிரம் மக்கள் கூடி நிற்க, அவனை வரவேற்பதும் நமக்கு எளிது. மறுநாள் அந்தியில் ஒரு முதியவர் மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாயிற்படி ஏறும்போதும் அவன் அங்கேதான் இருப்பான். அந்த முதியவருடைய கைக்குத் துணையாக இன்னொரு கை நீளுமாறும், அவருக்குப் பின் அந்தக் கிண்ணத்தை ஏந்த ஒரு பிள்ளை இவ்வூரில் வளருமாறும் எம்பெருமான் திருவருள் புரிவானாக. மழை பருவந்தவறாது பொழிக, ஏரிகள் நிறைக, இல்லந்தோறும் நேர்மையும் அன்பும் ஓங்குக, காவாந்தண்டலத்துப் பெருமக்கள் பல்லாண்டு நலமுற வாழ்க.

திருச்சிற்றம்பலம்.